சோழவந்தான் பக்கம் மழை எச்சரிக்கையை ஹாம் ரேடியோவில் பகிர முடியுமா?

கொடிக்கால்காரன், சோழவந்தான்

வணக்கம். ஹாம் ரேடியோவுக்கு (லைசென்ஸ் வாங்கிய தனிநபர்கள் ஆர்வத்துக்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி) ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, அதாவது தொடக்கநிலை லைசென்ஸ், போன மாதம்தான் கைக்கு வந்தது. கருவி என்று இருப்பது 5 வாட் ஹேண்டி ஒன்று, கையில் பிடித்துப் பேசுகிற ரேடியோ.

எனக்கு வெற்றிலைக் கொடிக்கால். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், காற்றும் சேர்ந்து அடித்தால் கொடி படர்ந்த அகத்தியோடு சாயும். மழை வருகிறது என்று கொஞ்சம் முன்னால் தெரிந்தால் வடிகாலை வெட்டிவிட்டு வந்துவிடலாம்.

எங்கள் பக்கம் இடி இடித்தால் முதலில் கரண்ட் போகும், அப்புறம் செல்போன் டவர். வாட்ஸ்அப்பில் வருவதோ போன வருஷத்து ரெட் அலர்ட் படம். பாலமேடு, வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கம் ஹாம்கள் சிலர் இருப்பதாகத் தெரிகிறது. நாமே ஒரு நெட் (குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) வைத்து மழைச் செய்தி சொல்லிக்கொள்ளலாமா? வானிலை மையத்தின் அறிக்கையை ரேடியோவில் வாசித்தால் சட்டப்படி தப்பா? ரிப்பீட்டர் (உயரத்தில் இருந்து நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) இல்லாமல் எட்டுமா?

கேகேநகர்வாசி, மதுரை

இதற்கு ரேடியோ எதற்கு? டிஎன் அலர்ட் ஆப் இருக்கிறது, மத்திய அரசின் சச்சேத் இருக்கிறது, இடிக்கு தாமினி இருக்கிறது. எல்லாம் இலவசம். ஆன்டெனா செலவாவது மிஞ்சும்.

மைக்செட்காரர், திருமங்கலம்

கே.கே.நகர் தம்பி, அந்த ஆப் எல்லாம் என் போனிலும் உண்டு. டவர் இருக்கிறவரை அவை போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. அப்போது அங்கே இருந்த சொந்தக்காரர்களுக்கு இங்கிருந்து போன் போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள், ஆப் பற்றிச் சொல்வார்கள்.

கொடிக்கால் தம்பி, சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஹாம் ஸ்டேஷன் வானொலி நிலையம் கிடையாது. பொதுமக்களுக்கு ஒலிபரப்பக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது (வெற்றிலை விலையும் அதில் சேரும்), சங்கேதத்தில் பேசக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர்கள் தங்களுக்குள் நெட் வைத்து மழையைப் பற்றிப் பேசினால் யாரும் தப்பு சொல்லப்போவதில்லை. பேரிடர் என்று வந்துவிட்டால் மற்றவர்களின் செய்தியைக் கடத்தவும் வழி உண்டு. 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் ஹாம் ஸ்டேஷனோடு இருந்தார். போன் இல்லாத அந்தமானிலிருந்து ஆட்களின் நிலவரம் வெளியே வந்ததில் அந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு. ஒன்று மட்டும்: லைசென்ஸ் இல்லாத மச்சானுக்கு ஒரு ஹேண்டி வாங்கிக் கொடுத்துப் பேசவைக்கிற வேலை வேண்டாம். அது குற்றம்.

அறிக்கையை வாசிப்பதென்றால் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வெளியானது, எந்த மாவட்டம், என்ன நிறம் என்று சொல்லி, உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். மஞ்சளை ஆரஞ்சாக்க நமக்கு அதிகாரம் இல்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் கனமழைக் கணக்கே தொடங்குகிறது, 204.4-ஐத் தாண்டினால்தான் அதிகனமழை. நம் ஆட்கள் தெரு நனைந்தாலே அதிகனமழை என்பார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், அறிக்கை வாசிப்பதற்காக நெட் வைக்க வேண்டியதில்லை. அது மாவட்டத்துக்கு மொத்தமாக வருவது. வெப்பச்சலன மழையோ பேரையூரில் வெளுத்து வாங்கும், டி.கல்லுப்பட்டியில் புழுதி பறக்கும். நெட்டில் வரவேண்டியது மேற்கே இருக்கிறவர், மலையடிவாரத்தில் இருக்கிறவர் கண்ணால் பார்த்த செய்தி. சிறுமலையில் பெய்தால் சாத்தையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து கண்மாய் கண்மாயாக நிரம்பி இறங்கி, கடைசியில் செல்லூர் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் தாங்க வேண்டும். 2024 அக்டோபரில் செல்லூர் ஆட்கள் பட்டபாடு எல்லாருக்கும் தெரியும். மேலே ஒருவர் பார்த்துச் சொன்னால் கீழே உள்ளவர் பீரோவில் இருக்கிற பத்திரத்தையாவது எடுத்து மேலே வைப்பார். வைகை கதை வேறு. அணை 66 அடி, 68.5 அடி, 69 அடி என்று ஏறும்போது மூன்று கட்டமாக எச்சரிக்கை வந்துவிடும், நாம் அதை வழிமொழிந்தால் போதும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு மாதிரி: "சிறுமலை அடிவாரம், மாலை 4.20, அரை மணி நேரமாகப் பலத்த மழை, ஓடையில் செந்தண்ணீர், நானே பார்த்தது." கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றே சொல்லவேண்டும். கேட்டவர் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்லவேண்டும். ஆபத்து என்று பட்டால் யாருக்கு போன் கிடைக்கிறதோ அவர் 1077-க்குச் சொல்லிவிடட்டும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அது.

எட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் நாகமலை படுத்துக்கிடக்கிறது. ஹேண்டியோடு வரும் ரப்பர் குச்சி ஆன்டெனாவை வைத்துக்கொண்டு அதைத் தாண்ட நினைக்காதீர்கள். மொட்டை மாடியில் பைப் நட்டு ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா ஏற்றுங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு நிற்கிற கம்பி அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், கீழே சாய்வாக நான்கு கம்பி. வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. கேபிளில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். மெல்லிய ஆர்ஜி 58-ஐ 20 மீட்டர் இழுத்தால் உங்கள் 5 வாட்டில் பாதிக்குமேல் வழியிலேயே தீர்ந்துவிடும். தடித்த ஆர்ஜி 213 கேபிள் வாங்குங்கள். அப்படியும் எட்டாவிட்டால் மதுரைக்குள் உயரமான மாடியில் இருக்கும் ஒருவர் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கட்டும். நல்ல உயரத்தில் ரிப்பீட்டர் இருந்தால் சுகம்தான், ஆனால் அதுவும் ஒரு கரண்டையும் ஒரு பேட்டரியையும் நம்பித்தான் நிற்கிறது. மழைக்கு நேரடிப் பேச்சைப் பழகி வையுங்கள்.

அப்புறம், ஊரில் லைசென்ஸ் உள்ளவர் ஒரே ஒருவர்தான் இருப்பார். செய்தி அவர் வீட்டோடு நின்றால் என்ன பயன்? அதனால் என் தொழிலைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்: கோயில் மைக்குக்கு யார் சாவி வைத்திருக்கிறார், கரண்ட் இல்லாதபோது ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுமா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள். ரேடியோவை மைக்குக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. எழுதிக்கொண்டு போய், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாசிக்கவேண்டும்.

பாலமேடு டீச்சர்

மைக்செட் அண்ணே, சாத்தையாறு அணையை நான் பார்த்துச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கொஞ்சம் சுற்றினால் போதும். மழையை அளக்க நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றை மாடியில் வைத்திருக்கிறேன், ஸ்கேல் விட்டுப் பார்த்தால் மில்லிமீட்டர் கிடைத்துவிடுகிறது. காலை 8.30-க்கு அளந்து கொட்டுகிறேன், வானிலை மையக் கணக்கோடு ஒத்துப்போகட்டும் என்று. ஒரு சந்தேகம். இடி வரும்போது ஆன்டெனா கேபிளைக் கழற்றச் சொல்கிறார்கள். அப்போதுதானே பேசவே வேண்டும்?

மைக்செட்காரர், திருமங்கலம்

கழற்றத்தான் வேண்டும், தங்கச்சி. இரண்டாவது பேச்சே கிடையாது. இடிச்சத்தம் காதில் விழுந்தாலே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கடைசிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் போகட்டும். அதற்குள் சொல்லவேண்டியது இருந்தால் வீட்டுக்குள் இருந்தபடி ஹேண்டியில், ரப்பர் குச்சியில், எட்டுகிறவரை. எட்டவில்லையா, விடுங்கள். அதனால்தான் இடி வந்துசேரும் முன்பே, மேற்கே மேகம் கறுக்கும்போதே நெட்டைத் திறக்கவேண்டும். உங்கள் தலைக்குமேல் இடிக்கும்போது நீங்கள் பேசக் கூடாது, அடுத்த ஊர்க்காரர் பேசட்டும்.

மில்லிமீட்டரைக் காலையில் மட்டும் அளக்காதீர்கள். கொட்டும்போது கால் மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கீழே இருக்கிறவனுக்கு வேண்டும். மாடிக்குப் போகாமல் ஜன்னலில் இருந்து தெரிகிற மாதிரி தூக்கை மாற்றி வையுங்கள்.

கேகேநகர்வாசி, மதுரை

சரி அண்ணே. எங்கள் அபார்ட்மென்ட் மாடி நல்ல உயரம், செக்ரெட்டரியிடம் பைப் நட அனுமதி கேட்கிறேன். லைசென்ஸுக்கு எங்கே விண்ணப்பிப்பது?

மைக்செட்காரர், திருமங்கலம்

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். 12 வயது ஆனால் போதும், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (தந்திக் குறியீடு) தேவையில்லை. லைசென்ஸ் வருகிறவரை மாடியையும் செக்ரெட்டரியையும் தயார் பண்ணுங்கள்.

கொடிக்கால்காரன், சோழவந்தான்

ரொம்ப நன்றி அண்ணே, டீச்சர். ஞாயிறு காலை 7 மணிக்கு ஒரு சோதனை வைக்கலாமா? 145-ஐ ஒட்டி ஆளில்லாத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் "இது பயிற்சி" என்று சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கேட்டுப் பதறக் கூடாது.

பாலமேடு டீச்சர்

7 வேண்டாம், 7.30. தண்ணீர் வருகிற நேரம்.