லாயத்துக் கூரையைப் பிரித்த கதை

எங்களுடையது தாத்தா கட்டிய குதிரை லாயம். செங்கல் சுவர், பனஞ்சட்டம், சீமை ஓடு. உள்ளே இரண்டு உருப்படி: அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் பிடித்த கத்தியவார் இனப் பெட்டை ஒன்று, மார்வாரி இனக் குட்டி ஒன்று. ஐப்பசி மழையில் பெட்டை நிற்கிற மூலை ஒழுகியது. 4 ஓடு மாற்றினால் தீர்ந்தது என்றுதான் ஏணி வைத்தோம். சட்டத்தை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. கரையான் அரித்து மேல்தோல் மட்டும் நின்றிருக்கிறது. "இதுமேல ஏறுனா ஓட்டோட நானும் கீழ வந்துருவனுங்க" என்றார் ஆசாரி.

சரி என்று மொத்தத்தையும் பிரித்து, இரும்பு பைப்பில் ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) அடித்துத் தகரம் போட்டோம். அங்கேதான் கோட்டை விட்டது. மார்கழியில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டியது. அதைக்கூடப் பொறுக்கலாம், மூத்திர வாடையைத்தான் தாங்க முடியவில்லை. ஓட்டு இடுக்கு வழியாக இத்தனை வருஷம் காற்று போய்க்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் கண் கரிக்கும். நின்றுகொண்டிருக்கும் நமக்கே இப்படி என்றால், தலையைத் தரையில் வைத்துப் புல் மேய்கிற ஜீவனுக்கு? பெட்டைக்கு இருமல் வந்துவிட்டது.

அப்புறம் முகட்டைக் கழற்றி அரை அடி இடைவெளி விட்டு, அதன்மேல் தொப்பி மாதிரி ஒரு தகரத்தைத் தூக்கி வைத்தோம். சுவர் முடிகிற இடத்தில் ஓர் அடி திறந்து கம்பி வலை. கீழே நுழைகிற காற்று சூட்டையும் வாடையையும் முகட்டு வழியாகக் கொண்டுபோய்விடுகிறது. தகரத்துக்கு அடியில் நுரை விரிப்பு ஒட்டியதும் சொட்டுவதும் நின்றது. முதலிலேயே செய்திருந்தால் ஒரு கூலி மிச்சம்.

வேலை முடியும்வரை குதிரைகள் மாந்தோப்பில். திரும்பக் கட்டுமுன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தேன். ஒரு டம்ளர் நிறைய ஆணியும் ஸ்க்ரூவும்! குளம்பில் ஒன்று ஏறியிருந்தாலும் போச்சு.

*

அண்ணா, உங்கள் லாயத்துக் கதையைப் படித்தேன். கூரையோடு லைட்டையும் பார்த்துவிடுங்கள். ஊட்டியில் நான் சவாரிக் குதிரை வைத்திருக்கிறேன். எலி கடித்த வயர் இரும்புக் கதவில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. ஈரத் தரை, காலில் லாடம். கதவில் மூக்கை வைத்த குதிரை துள்ளிப் பின்னால் விழுந்தது. பிழைத்தது அதிர்ஷ்டம். அன்றைக்கே, கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி மாட்டினேன். வயர் எல்லாம் இப்போது இரும்புக் குழாய்க்குள்.

இன்னொன்று, நடுவில் ஒற்றை பல்ப் வேண்டாம். தடுப்புகளின் நிழல் தரையில் கறுப்பாக விழும், அதைப் பள்ளம் என்று நினைத்துக் குதிரை வாசலிலேயே காலை ஊன்றிக்கொள்ளும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதன் கண்ணுக்கு நம்மைவிட நேரமாகும். நான் இரண்டு பக்கச் சுவரிலும் தூசி, தண்ணீர் புகாத எல்ஈடி பட்டை போட்டேன், முன்னங்காலைத் தூக்கி நின்றாலும் எட்டாத உயரத்தில்.

*

நன்றி தம்பி. எங்கள் லாயத்திலும் ஒற்றை பல்ப்தான், குட்டி வாசலில் முரண்டு பிடிப்பதற்குச் சாட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன். பகலுக்கு வடக்குச் சரிவில் இரண்டு கண்ணாடித் தகரம் போட்டாயிற்று. மேற்கில் போட்டால் வெயில் இறங்கும். முகட்டு இடைவெளிக்கு வலை அடிக்க மறந்தோம், குருவி கூடு கட்டிவிட்டது. குஞ்சு பறக்கட்டும் என்கிறார் ஆசாரி.