சேபன் கேட்டு வாங்கிய ஒரு வினாடி

குடும்பக் குழு, நவம்பர் 30

தம்பி: அண்ணா, அலுவலகத்தில் ஒரு நண்பர் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்கக் கால்பந்து. ஒருவர் கோல் கம்பத்தின் அடியில் பந்தைப் பிடித்து மறுகோடி வரை ஓடுகிறார். அடுத்த நிமிடம் ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஜோர்டன்-ஹேர் மைதானம் என்றார். நீங்கள் படித்த ஊர்தானே?

அண்ணன்: என் ஊர்தான். ஆபர்ன். 2013, இதே நவம்பர் 30. மாணவர்கள் பகுதியில் நானும் இருந்தேன்.

அத்தான்: வந்துவிட்டதா இந்த நாள்? அலபாமா பல்கலைக்கழகத்தில் படித்தவன் இன்று எந்த விளையாட்டுச் செய்தியையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

அப்பா: எனக்கு அந்த ஆட்டம் இன்றுவரை விளங்கவில்லை. விடியற்காலை ஆறு மணி இருக்கும். போனை எடுத்தால் ஒரே இரைச்சல். "ஜெயித்துவிட்டோம் அப்பா, ஜெயித்துவிட்டோம்" என்று இவன் கத்துகிறான். யாரை ஜெயித்தான், எதில் ஜெயித்தான், ஒன்றும் தெரியவில்லை.

அம்மா: நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மாவுக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். அந்த நேரத்தில் வெளிநாட்டுப் போன் என்றால் வயிறு கலங்காதா?

நான்: அண்ணா, இன்று எல்லோரும் குழுவில் இருக்கிறோம். அப்பாவுக்குப் புரியும்படி முதலிலிருந்து சொல்லுங்கள்.

அண்ணன்: சொல்கிறேன். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்.லில் ஆடும் அணி எதுவும் அலபாமா மாநிலத்தில் கிடையாது அப்பா. டஸ்கலூசாவில் அலபாமா பல்கலைக்கழகம், எங்கள் ஊரில் ஆபர்ன் பல்கலைக்கழகம். மாநிலம் முழுவதும் இந்த இரண்டு கல்லூரி அணிகளில் ஒன்றின் பக்கம்தான் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டும் மோதும். அயர்ன் பவுல் என்று பெயர். கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சியாக இருக்கும் வீடுகள் அங்கே ஏராளம்.

அம்மா: நம் வீட்டிலும் அப்படித்தானே. நீ ஒரு பக்கம், உன் அத்தான் ஒரு பக்கம்.

அத்தான்: அத்தை, அன்றைய நிலவரத்தையும் சொல்லவேண்டும். 2011, 2012 இரண்டு ஆண்டுகளும் தேசிய சாம்பியன் நாங்கள்தான். அந்த ஆண்டு 11 ஆட்டம் ஆடி 11 வெற்றி. நாட்டிலேயே முதலிடம். அப்போது எங்கள் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனைப் போல் இன்னொருவர் கிடையாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

அண்ணன்: நாங்களோ முந்தின ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி. டஸ்கலூசாவில் 49-0 என்று அடித்து அனுப்பினார்கள். பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்த புதிதில் பார்த்த ஆபர்ன் அது. ஆட்டம் பாதியிலேயே மக்கள் எழுந்து போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு கஸ் மால்சான் வந்தார். பெரும்பாலும் அதே பையன்களை வைத்துக்கொண்டு 10 வெற்றி, ஒரே தோல்வி. அயர்ன் பவுலுக்கு வரும்போது நாங்கள் நான்காம் இடம்.

அண்ணி: இரண்டு வாரத்துக்கு முன் ஜார்ஜியாவோடு ஆடியதைச் சொல்லவில்லையே. 25 வினாடி இருக்கும்போது எதிரணிக்காரர் கையில் பட்டுத் தெறித்த பந்தை ரிக்கார்டோ லூயிஸ் பிடித்துக்கொண்டு ஓடி ஜெயித்தார். ஓர் அணிக்கு ஆயுளில் ஒருமுறைதான் அப்படி வாய்க்கும், இனி இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

தம்பி: கடைசிக் கட்டத்துக்கு வாருங்கள் அண்ணா.

அத்தான்: நடுவில் நடந்ததை நான் சொல்கிறேன், மச்சான் அதை விட்டுவிடுவான். நான்காம் பகுதியில் எங்கள் எல்லைக்கோட்டை ஒட்டி, ஒரு கஜத்தில் பந்து. ஏ.ஜே. மெக்கேரன் எறிந்தார், அமரி கூப்பர் வாங்கி 99 கஜம் போனார். 28-21 என்று முன்னிலை. அதைவிட அழகான ஓட்டத்தை நான் கண்டதில்லை.

அண்ணன்: எனக்கு மட்டும் மறக்குமா? எங்கள் பகுதி முழுவதும் தலையில் கைவைத்து நின்றது. ஆனால் அத்தான், நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உங்கள் உதைப்பவர் கேட் ஃபாஸ்டருக்கு அன்று எதுவுமே கூடிவரவில்லை. இரண்டு உதை தவறின, மூன்றாவதைத் தடுத்துவிட்டார்கள்.

அத்தான்: உண்மை. உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் பீல்டு கோல், மூன்று புள்ளி மாமா. அந்த மூன்றில் ஒன்று கம்பத்துக்குள் போயிருந்தாலும் இந்தக் கதையே இல்லை.

அண்ணன்: 32 வினாடி இருந்தது. எங்கள் நிக் மார்ஷல் தானே ஓடப்போவதுபோல் கோட்டருகே வந்து, கடைசி நொடியில் சாமி கோட்ஸுக்கு எறிந்தார், அவர் மறுகோடிக் கோட்டைத் தாண்டினார். 28-28. இனி கூடுதல் நேரம்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். அலபாமாவின் யெல்டன் பந்தோடு ஓடி, எங்கள் 38 கஜக் கோட்டருகே எல்லைக்கு வெளியே காலை வைத்தார். பலகையில் நேரம் பூஜ்யம்.

அப்பா: அப்படியானால் ஆட்டம் முடிந்ததுதானே?

அண்ணன்: முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம் அப்பா. சேபன் விடவில்லை. என் ஆள் கால் வைத்தபோது ஒரு வினாடி மிச்சம் இருந்தது என்று நடுவரிடம் நின்று வாதாடினார். வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி. ஒரு வினாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மைதானம் முழுவதும் கூச்சல் போட்டுத் திட்டியது, நானும்தான். அந்த ஒரு வினாடி யாருக்காக வந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்!

தம்பி: சேபன் கேட்காமல் விட்டிருந்தால்?

அத்தான்: கூடுதல் நேரம் ஆடியிருப்போம். நான் இத்தனை ஆண்டு யோசித்துச் சொல்கிறேன், அவர் கேட்டது சரிதான். உரிமையுள்ள வினாடியைக் கேட்காமல் விடுவது பயிற்சியாளருக்கு அழகில்லை. 57 கஜம், மிக நீண்ட உதை. ஃபாஸ்டர் வேண்டாம் என்று, காலில் வலு அதிகமுள்ள ஆடம் கிரிஃபித்தை இறக்கினார். முதல் பருவம் ஆடும் பையன்.

அப்பா: உதை குறைந்துபோனால்?

அண்ணன்: அங்கேதான் விஷயம் இருக்கிறது. உதைத்த பந்து கம்பம்வரை எட்டாவிட்டால் ஆட்டம் நின்றுவிடாது. எல்லைக்குள் எதிரணிக்காரர் கையில் கிடைத்தால் அவர் எடுத்துக்கொண்டு ஓடலாம். உதைக்கும் அணியில் அப்போது களத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் எதிரிகளை மறித்து நிற்கும் கனத்த உடல்காரர்கள். ஓடுபவனைத் துரத்திப் பிடிக்கும் ஆள்கள் இல்லை. மால்சான் அந்த நேரத்தில் டைம்-அவுட் கேட்டார். பின்னால் நின்ற ரயன் ஸ்மித்தை எடுத்துவிட்டு கிறிஸ் டேவிஸை நிறுத்தினார். 11ஆம் எண் சட்டை. பர்மிங்காம் பையன். ஆபர்னில் அவருக்கு அது கடைசி ஆண்டு.

நான்: பிறகு?

அண்ணன்: பந்து உயர எழும்பியது. என் இடத்திலிருந்து பார்த்தால் திசை சரியாகவே இருந்தது, தூரம்தான் தெரியவில்லை. பிறகு கம்பத்தின் அடியில் டேவிஸ் இரண்டு கையையும் ஏந்துவதைக் கண்டேன். நேராக நாலடி வந்தார், சட்டென்று இடப்பக்க ஓரத்துக்குத் திரும்பினார். எல்லைக்கோட்டை ஒட்டியே ஓடுகிறார், கால் வெளியே பட்டுவிடுமோ என்று உயிர் போகிறது. நடுக்கோட்டைத் தாண்டினபோது அவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நின்றவர் யாரென்றே எனக்குத் தெரியாது, வயதானவர், என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே அழுகிறார். கணக்கில் 100 கஜம் என்றுதான் எழுதுவார்கள். கோட்டுக்குப் பின்னாலிருந்து ஓடியதையும் சேர்த்தால் 109. மறுகோடிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. 34-28.

அண்ணி: என் கதை வேறு. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மைதானத்துக்கு அருகிலேயே எங்கள் வீடு. தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள், அடுப்பில் சாம்பார். தொலைக்காட்சியில் கிரிஃபித் இன்னும் உதைக்கவே இல்லை, ஜன்னல் வழியாக ஒரு சத்தம் வந்தது. நேரலை சில வினாடி தாமதமாகத்தானே வரும்! முதலில் ஓர் உறுமல். அடங்கிவிடும் என்று பார்த்தால் ஏறிக்கொண்டே போகிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உதை உள்ளே போய்விட்டது, அலபாமாக்காரர்கள்தான் கத்துகிறார்கள் என்று ஒரு பெண் அழத் தொடங்கிவிட்டாள். மைதானத்தில் அலபாமாக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இது நம் ஊர்ச் சத்தம் என்றேன். அதற்குள் திரையில் டேவிஸ் பந்தைப் பிடித்தார். அவர் ஓடி முடிப்பார் என்பது தெரிந்தே நாங்கள் அந்த ஓட்டத்தைப் பார்த்தோம்.

தம்பி: அண்ணி, இதை நீங்கள் இதுவரை சொன்னதே இல்லையே!

அண்ணி: உன் அண்ணன் பேசவிட்டால்தானே மற்றவர் சொல்வதற்கு.

அண்ணன்: நாங்கள் வேலிச்செடிகளைத் தாண்டிக் களத்துக்குள் குதித்தோம். முழங்கை முழுவதும் கீறல். புல்லில் ஒருவர் மண்டியிட்டுத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக டூமர்ஸ் கார்னர் என்ற தெருமுனைக்குப் போனோம். போன் இணைப்பு அப்போதுதான் கிடைத்தது, அப்பாவுக்கு அடித்தேன்.

அம்மா: அங்கேதானே கழிவறைக் காகிதத்தைச் சுருள் சுருளாக வீசுவீர்கள்? போட்டோவைப் பார்த்துவிட்டு, இவ்வளவும் வீண்தானே என்று நினைத்தேன்.

அண்ணி: வீண் இல்லை அத்தை. வெற்றி என்றால் அந்த மூலையில் இருக்கும் ஓக் மரங்கள் மேல் வீசுவது அந்த ஊர் வழக்கம். ஆனால் அன்று அங்கே மரங்களே இல்லை. 2010 ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்த கோபத்தில் ஒருவர் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டார். எவ்வளவோ வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டி எடுத்தார்கள். கம்பங்களில் கம்பி கட்டி வைத்திருந்தார்கள், அன்றிரவு அந்தக் கம்பிகள் மேல்தான் வீசினோம். 2015 பிப்ரவரியில் புதிய மரங்கள் நட்டார்கள்.

அத்தான்: விஷம் வைத்தவர் எங்கள் அணியின் ரசிகர். மரம் என்ன பாவம் செய்தது? எங்கள் ஆட்கள் பலர் வெட்கப்பட்டு, பணம் திரட்டி ஆபர்னுக்குக் கொடுத்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தங்கையே.

அண்ணி: கட்டாயம் அண்ணா. அந்தப் பணம் வந்தது ஊருக்கே தெரியும்.

நான்: அத்தான், அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அத்தான்: டஸ்கலூசாவில் ஒரு நண்பர் வீடு. பதினைந்து பேர் இருந்தோம். டேவிஸ் பாதி தூரம் வந்தபோதே வீட்டுக்காரர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். தொலைக்காட்சி வர்ணனையாளர் வெர்ன் லண்ட்குவிஸ்ட், ஓட்டம் முடிந்ததும் ஒரு நிமிடத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவருடைய திறமை என்று பிறகு எல்லோரும் பாராட்டினார்கள். எங்களுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு யுகம். மச்சான், அன்றிரவு நீ எனக்குப் போன் செய்யவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

அண்ணன்: எப்படிச் செய்வேன் அத்தான்? நானும் அதற்கு முந்தின ஆண்டு 49-0 வாங்கியவன். அன்று நீங்களும் செய்யவில்லை.

அப்பா: எனக்கு அந்த கிரிஃபித் பையன்தான் மனதில் நிற்கிறான். 1986இல் ஷார்ஜாவில் கடைசிப் பந்துக்கு நாலு ரன் வேண்டும். சேத்தன் சர்மா போட்டார், மியான்தத் சிக்ஸர் அடித்துவிட்டார். அன்று தெருவே சேத்தனைத் திட்டியது. வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு பந்தையே கேட்டார்கள். அடுத்த ஆண்டே நாக்பூரில் உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் எடுத்தவர் அவர்தான். அதை யாராவது கேட்கிறார்களா? இந்தப் பையன் என்ன ஆனான்?

அத்தான்: மாமா, நீங்கள் கேட்டதற்கே நன்றி. ஆபர்ன்காரர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். கிரிஃபித் போலந்தில் பிறந்தவர். அநாதை இல்லத்தில் வளர்ந்து, பதின்மூன்று வயதில் ஜார்ஜியாவில் ஒரு குடும்பம் தத்தெடுத்து அமெரிக்கா வந்தவர். 2015இல் அதே ஜோர்டன்-ஹேர் மைதானத்துக்கு மீண்டும் வந்தார். ஐந்து பீல்டு கோல். ஐந்தும் உள்ளே. 29-13 என்று ஜெயித்தோம்.

அண்ணன்: ஐந்தாவதற்கு எங்கள் பக்கத்திலேயே சிலர் தலையாட்டிப் பாராட்டினார்கள் அத்தான். நானும் ஒருவன்.

அத்தான்: 2016 ஜனவரி, கிளெம்சனோடு தேசிய சாம்பியன் ஆட்டம். 24-24 சமநிலை. எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்கவேண்டிய நேரம். கிரிஃபித் தூரமாக உதைக்காமல் ஓரமாகச் சின்னதாகத் தூக்கிப் போட்டார். எங்கள் ஆளே போய்ப் பிடித்தார். கிளெம்சன்காரர்கள் திகைத்து நின்றார்கள். 45-40. கோப்பை எங்களுக்கு. என் கண்ணில் அவர் 57 கஜம் எட்டாதவர் அல்ல, அந்த உதையைப் போட்டவர்.

அண்ணி: கேட் ஃபாஸ்டருக்கு அன்றிரவே கொலை மிரட்டல்கள் வந்தன. கல்லூரிப் பையன்! அவர் சட்டை எண் 43. அமெரிக்காவின் 43ஆவது அதிபரான ஜார்ஜ் புஷ் தன் கைப்பட அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதினார்.

அம்மா: பெரிய மனிதர் செய்கிற காரியம் அது. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் என்ன பாடுபட்டிருப்பாள்.

தம்பி: அண்ணா, நண்பர் காட்டிய வீடியோவில் வானொலிக் குரல் ஒன்று இருந்தது. தொண்டை கிழியக் கத்துகிறார்.

அண்ணன்: ராட் பிராம்ப்லெட். ஆபர்ன் வானொலி வர்ணனையாளர். தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிட்டு அவர் குரலைக் கேட்டுக்கொண்டே ஆட்டம் பார்க்கும் வீடுகள் உண்டு. 2019 மே மாதம் அவரும் மனைவியும் சாலை விபத்தில் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் அந்த ஓட்டத்தை நான் அவருடைய குரலுக்காகத்தான் கேட்கிறேன்.

நான்: அந்த ஆண்டு கோப்பை ஆபர்னுக்குத்தானே?

அண்ணன்: இல்லை. இறுதி ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 வினாடி இருக்கும்போது கோடு தாண்டியது. 34-31. தோற்றோம்.

அத்தான்: அதற்கு நான் போன் செய்தேன், மச்சான்.

அண்ணன்: செய்தீர்கள். வெகுநேரம் பேசினோம். அடுத்த அயர்ன் பவுல் ஆபர்னில் நடக்கும்போது வாருங்கள், சேர்ந்து போவோம். டிக்கெட் என் பொறுப்பு.

அத்தான்: வருகிறேன். எங்கள் அணியின் கிரிம்சன் நிறச் சட்டையில்தான் வருவேன், மாணவர்கள் பகுதிக்குப் பக்கத்தில் இடம் வேண்டாம்.

அப்பா: மாப்பிள்ளை, அந்தப் பையன் ஐந்தும் உள்ளே அடித்த ஆட்டத்தின் வீடியோ இருந்தால் அனுப்பு. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்.