விட்டு விட்டுக் குளிரும் கார் ஏசி: கேஸ் குறைவா, கிளட்ச் கோளாறா?

சாலைப்பூ:
ஏழு வருடம் ஓடிய சிறிய கார். காலையில் ஏசி போட்டால் கண்ணாடி வியர்க்கும் அளவுக்குக் குளிர்கிறது. நண்பகலில் முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகு திடீரென்று வெறும் காற்றுதான். காற்றின் வேகம் குறைவதில்லை, குளிர்ச்சி மட்டும் காணாமல் போகிறது. நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி குளிர்கிறது. இரவில் இதுவரை ஒருநாளும் தகராறு செய்ததில்லை.

போன மாதம் ஒரு பட்டறையில் கேஸ் குறைவு என்று சொல்லி நிரப்பினார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க மழை மூட்டம். வெயில் திரும்பியதும் பழைய கதைதான். வேறொரு பட்டறைக்குப் போனேன், அங்கும் கேஸ் ஏற்றினார்கள். பட்டறை வாசலில் நிற்கும்போது மட்டும் இந்த வண்டி நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது. இப்போது மூன்றாம் முறையும் கேஸ் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பழைய பட்டறை:
போடலாம், ஆனால் கசிவைப் பார்க்காமல் போடாதீர்கள். ஏழு வருடத்து வண்டியில் ரப்பர் குழாயும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் தண்டில் உள்ள சீலும் கொஞ்சம் கொஞ்சமாக கேஸை விடத்தான் செய்யும். கேஸ் குறைந்தால் அழுத்தம் இறங்கும், லோ பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்தும், அழுத்தம் ஏறியதும் மறுபடி ஓடவிடும். நீங்கள் சொல்லும் ‘விட்டு விட்டு’ இதுதான். என் பட்டறைக்கு இந்தப் புகாரோடு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை கேஸ் குறைந்தவைதான். இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

திருகாணி:
பழைய பட்டறை ஐயா சொல்லும் ‘விட்டு விட்டு’ வேறு, இவர் சொல்லும் ‘விட்டு விட்டு’ வேறு. கேஸ் குறைந்த வண்டியில் கம்ப்ரஸர் சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘டக், டக்’ என்று ஒட்டி விலகும். குளிர்ச்சி நாள் முழுக்க மந்தமாக இருக்கும். காலையில் பனிக்கட்டிபோலக் குளிர்ந்து, நண்பகலில் முழுவதுமாக நின்று, அரை மணி ஓய்வுக்குப் பிறகு முழுவதுமாகத் திரும்பி வருவதற்குக் கேஸ் எங்காவது போய்விட்டு வருகிறதா என்ன? அது மூடிய குழாய்க்குள் சுற்றும் பொருள். பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை.

இரண்டு முறை நிரப்பியும் கோளாறு அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது என்றால் மூன்றாம் முறை நிரப்பக்கூடாது என்றுதான் அர்த்தம்.

பனித்துளி:
இருவருமே முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறதா என்று பாருங்கள். எனக்கு இதே தொல்லை இருந்தது. நீண்ட பயணத்தில் ஒரு மணி நேரம் கழித்துக் குளிர் போய்விடும். ஓரமாக நிறுத்தி ஏசியை அணைத்தால் பத்து நிமிடத்தில் வண்டிக்கு அடியில் தண்ணீர் குளமாகத் தேங்கும். கடைசியில் பார்த்தால் காயில் மேல் செருகியிருந்த சென்சார் தன் இடத்தை விட்டு நழுவியிருந்தது. காயில் உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லவேண்டிய சென்சார் அது. நழுவி வெளியே கிடந்தால் அது எதைப் பார்த்துச் சொல்லும்? தகடுகளுக்கு இடையே வெள்ளை வெளேரென்று பனி அடைத்துக்கொண்டது.

திருகாணி:
உங்கள் வண்டியில் காற்றின் வேகம் குறைந்ததா?

பனித்துளி:
ஆமாம், விசிறியை நான்கில் வைத்தாலும் ஒன்றில் வைத்ததுபோலத்தான் வரும்.

திருகாணி:
அங்கேதான் வித்தியாசம். ஐஸ் கட்டினால் காற்று போக வழியே இருக்காது. சாலைப்பூ தன் முதல் பத்தியிலேயே வேகம் குறைவதில்லை என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்லவேண்டும். பாதிப் பேர் ‘ஏசி வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நடுவழி:
என் பங்குக்கு ஒன்று. போக்குவரத்தில் நிற்கும்போது மட்டும் நின்று, ஓடும்போது குளிர்ந்தால், கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் விசிறியைப் பாருங்கள். விசிறி சுற்றாவிட்டால் உயர் அழுத்தம் எகிறும், சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்தும். விசிறி மோட்டாரின் கார்பன் தேய்ந்திருந்தால் ஒருநாள் சுற்றும், ஒருநாள் சுற்றாது. என் வண்டியில் விசிறியைக் கையால் ஒரு தட்டு தட்டினால்தான் கிளம்பும், சாவியைக் கழற்றி எடுத்த பிறகுதான் தட்டுவேன். அந்த விசிறி எஞ்சின் ஓடாதபோதும் தானாகச் சுற்றத் தொடங்கும்.

சாலைப்பூ:
நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதும் நின்றிருக்கிறது. விசிறி சுற்றுகிறது, பார்த்துவிட்டேன்.

திருகாணி:
சரி. அப்படியென்றால் அடுத்த முறை குளிர் நின்றதும் ஏசியை அணைக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பானெட்டைத் திறந்து கம்ப்ரஸரின் முகத்தைப் பாருங்கள். வெளி வளையம் பெல்ட்டோடு எப்போதும் சுற்றும். நடுவில் உள்ள தட்டு ஏசி ஓடும்போது மட்டும் சுற்றும். காயில் என்கிற மின்காந்தம் தட்டை இழுத்து வளையத்தோடு ஒட்டவைக்கும், இதுதான் கிளட்ச். அந்தத் தட்டு நிற்கிறதா, சுற்றுகிறதா? இவ்வளவுதான் கேள்வி. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளி நின்றே பாருங்கள், கையை உள்ளே விடவேண்டாம். சில புதிய வண்டிகளில் கிளட்சே கிடையாது, தட்டும் எப்போதும் சுற்றும். அந்த வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. உங்களுடையது கிளட்ச் உள்ளது என்று நினைக்கிறேன், ‘டக்’ சத்தம் கேட்டால் உறுதி.

பழைய பட்டறை:
தட்டு நின்றிருந்தால் உடனே கிளட்ச் மேல் பழி போடப் போகிறீர்கள், தெரியும். லோ பிரஷர் சுவிட்ச் நிறுத்தினாலும் தட்டு நிற்கத்தான் செய்யும். முதலில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்கவேண்டும். கேஜ் மாட்டாமல் வைத்தியம் சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதுபோல.

திருகாணி:
கேஜ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வண்டி நின்றிருக்கும்போது மாட்டிப் பார்க்கும் அழுத்தத்தை வைத்துக் கேஸின் அளவைச் சொல்ல முடியாது. ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை 200 கிராமுக்கும் அதே 97தான், 450 கிராமுக்கும் அதே 97தான். ஓடும்போது பார்க்கும் அழுத்தமும் வெளி வெப்பம், விசிறி, எஞ்சின் வேகம் என்று பத்துக் காரணங்களால் மாறும். முள்ளைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஏற்றுகிறவர்கள் உப்புப் போடாத குழம்பையும் இரண்டு முறை உப்புப் போட்ட குழம்பையும் நிறத்தை வைத்துத் தரம்பிரிக்கிறவர்கள். சரியான அளவு பானெட் ஸ்டிக்கரில் கிராமில் எழுதியிருக்கும். முழுவதையும் வெளியே எடுத்து, எடைபோட்டு, உள்ளே மிஞ்சும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்ச வேக்கம் வைத்து, திரும்ப எடைபோட்டு நிரப்புவதுதான் முறை.

பழைய பட்டறை:
எடைபோட்டு நிரப்புவதை எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? என் பட்டறையில் தராசு இருக்கிறது. எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். அடுத்தது, கேஜின் முள் அசைவதைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது எண் மட்டும் சொல்வதில்லை. ஈரம் புகுந்து, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்தால் லோ பக்க அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பதினைந்து இருபது நிமிடம் குளிர்ந்துவிட்டு நிற்கும், ஓய்வு கொடுத்தால் உருகித் திறக்கும். இவர் வண்டியிலும் அப்படித்தானே? ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றாமல் இரண்டு பட்டறைக்காரர்கள் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். வேக்கம் வைத்தார்களா என்றே சந்தேகம்.

திருகாணி:
இது நியாயமான சந்தேகம், மறுக்கவில்லை. ஆனால் வால்வு உறைந்தாலும் லோ சுவிட்ச் இறங்கும்வரை தட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் தட்டைப் பார்க்கச் சொன்னேன்.

சாலைப்பூ:
பார்த்தேன். இன்று மதியம் 2 மணிக்கு நின்றது. வளையம் சுற்றுகிறது, நடுத்தட்டு அசையவே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருமுறைகூட ‘டக்’ கேட்கவில்லை. கிளட்சுக்கு மின்சாரம் விடும் ரிலேவை ஹார்ன் ரிலேவோடு மாற்றிப் போட்டேன், இரண்டும் ஒரே எண். பயன் இல்லை.

திருகாணி:
அருமை. இனி ஒரே கேள்வி: அந்த நேரத்தில் கிளட்ச் காயிலுக்கு மின்சாரம் போகிறதா, இல்லையா? ஒரு 12 வோல்ட் சிறு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீளமான கம்பிகள், நடுவில் ஃபியூஸ். காயிலுக்கு வரும் கம்பியில் ஒன்று, எர்த்தில் இன்னொன்று. பெல்ட்டிலிருந்து தள்ளி ஒதுக்கிக் கட்டி, பல்பை ஜன்னல் ஓரமாக உள்ளே கொண்டுவந்து டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். குளிர் நிற்கும் நேரத்தில் பல்பு எரிந்தால் கிளட்ச்தான் குற்றவாளி. அணைந்திருந்தால் சுவிட்ச், சென்சார், கம்பி, ஐயா சொல்லும் லோ பிரஷர் எல்லாம் பட்டியலுக்குத் திரும்பி வரும்.

பழைய பட்டறை:
இவ்வளவு பாடு எதற்கு? நிற்கும்போது ஒரு நீள மரக்கட்டையால் தட்டின் முகத்தை மெல்ல ஒரு தட்டு. ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டால் இடைவெளி அதிகம். முடிந்தது.

திருகாணி:
உங்கள் கைக்கு அது பழக்கம் ஐயா. ஓடும் பெல்ட்டுக்கு அருகே கட்டையை நீட்டு என்று வண்டி ஓட்ட மட்டும் தெரிந்தவரிடம் சொல்லலாமா?

பழைய பட்டறை:
அது சரிதான். சாலைப்பூ, நீங்கள் செய்யவேண்டாம்.

சாலைப்பூ:
பல்பு மூன்று நாளாக என்னோடு பயணம் செய்கிறது. ஏசி ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் எரிகிறது, விலகும்போது அணைகிறது. என் மகன் அதைப் பார்த்துக்கொண்டே வருகிறான், முன்கூட்டியே ‘இப்போது அணையும்’ என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான். இன்று நண்பகல் குளிர் நின்றது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது! குறையாமல், மினுக்காமல்.

திருகாணி:
பிடித்துவிட்டீர்கள். மின்சாரம் போகிறது, தட்டு ஒட்டவில்லை. காயில் செப்புக் கம்பி. 20 டிகிரியில் 3.6 ஓம் இருந்தால் 100 டிகிரியில் ஏறத்தாழ 4.7 ஓம் ஆகும். தடை ஏறினால் மின்னோட்டம் குறையும், காந்தம் வலுவிழக்கும். தேய்ந்த தட்டு தள்ளி நிற்பதால் அந்த வலுவிழந்த காந்தத்தால் அதை இழுக்க முடிவதில்லை. பல வண்டிகளில் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கவேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒட்டியிருக்கும்வரை இடைவெளியே இல்லை, ஆகவே சூடான காந்தமும் பிடித்துக்கொள்ளும். கூலிங் காயில் போதுமான அளவு குளிர்ந்து கம்ப்ரஸர் தட்டு ஒருமுறை விலகிவிட்டால் மறுபடி தாவத்தான் முடியாது. அதனால்தான் முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு நின்றது. இரவில் சூடு குறைவு, மழை வாரத்திலும் சூடு குறைவு. முதல் பட்டறைக்காரருக்குக் கிடைத்த நற்பெயர் மேகத்துக்குச் சேரவேண்டியது.

சாலைப்பூ:
முடிந்தது, விவரம் எழுதுகிறேன். பழைய பட்டறை ஐயாவைப்போலத் தராசு வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப்போனேன். கேஸ் முழுவதையும் வெளியே எடுத்தார். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது 450 கிராம், வெளியே வந்தது 590 கிராம். பிறகு தட்டின் இடைவெளியை அளந்தார், 0.95 மி.மீ. தட்டைக் கழற்றியபோது உள்ளே ஓரங்களில் நீலம் பாய்ந்திருந்தது, மயில் கழுத்து நிறம். தட்டுக்குப் பின்னால் இருந்த மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். இப்போது 0.45. டிரையர் மாற்றி, முக்கால் மணி நேரம் வேக்கம் வைத்து, 450 கிராம் எடைபோட்டு ஏற்றினார். ஒன்பது நாளாகிறது, நல்ல வெயில், ஒருமுறைகூட நிற்கவில்லை.

பழைய பட்டறை:
பார்த்தீர்களா? கேஸ்தான். நான் குறைவு என்று நினைத்தேன், அதிகமாக இருந்திருக்கிறது. 140 கிராம் கூடுதல் என்றால் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் இழுக்கத் திணறும், தட்டு வழுக்கும். அந்த நீல நிறம் வழுக்கிய சூட்டில் வந்தது. வழுக்கிய சூடு காயிலையும் சுடவைக்கும். உங்கள் ஓம் கணக்குக்குச் சூட்டைக் கொடுத்ததே கேஸ்தான்.

திருகாணி:
கோளாறு முதல் முறை கேஸ் ஏற்றுவதற்கு முன்பே இருந்தது ஐயா. அதனால்தானே அவர் முதல் பட்டறைக்கே போனார்! கூடுதல் கேஸ் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியிருக்கலாம், தீ வைத்தது அது இல்லை.

சாலைப்பூ அவர்களே, இடைவெளியையும் கேஸையும் ஒரே நாளில் சரிசெய்துவிட்டீர்களே! தட்டை மட்டும் சரிசெய்து இரண்டு நாள் ஓட்டியிருந்தால் இந்தச் சண்டை தீர்ந்திருக்கும்.

சாலைப்பூ:
சண்டை தீர்வதற்காக நான் இரண்டு நாள் வெயிலில் வேகவேண்டுமா?

நடுவழி:
நியாயம்.

பழைய பட்டறை:
முதல் முறை நிரப்புவதற்கு முன் எத்தனை கிராம் இருந்தது என்று யார் அளந்தார்கள்? யாரும் இல்லை. ஆகவே நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அது கிடக்கட்டும். சாலைப்பூ, அந்த 0.45-ஐ, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை ஒரே இடத்தில் செருகிப் பார்த்தாரா, சுற்றிலும் மூன்று இடத்தில் பார்த்தாரா? நீலம் பாய்ந்த தட்டு வளைந்திருக்கும். ஒரு பக்கம் 0.45, எதிர்ப்பக்கம் 0.7 என்று இருந்தால் கோடை உச்சத்தில் மறுபடி நிற்கும். நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள்.