புதுப்பிப்பு: கடற்பாசி க்ரீம் போட்டு முகம் எரிந்தது – காரணம் பாசி இல்லை

பதில் சொன்னவர்களுக்கு நன்றி. டெல்லிக் குளிரில் கடற்பாசிச் சாறு கலந்த க்ரீம் போட்டால் கன்னம் சிவந்து எரிகிறது, பாசி ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டிருந்தேன். "டப்பாவின் பின்பக்கம் பர்ஃப்யூம் என்று போட்டிருக்கா பாருங்க" என்ற அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. போட்டிருந்தது, கூடவே லிமோனீன், லினலூல் என்ற வாசனைப் பொருள்களும். இங்கே கரோல் பாக் கடைத்தெருவில் வாசனை சேர்க்காத கடற்பாசி ஜெல் கிடைத்தது. முதலில் முழங்கை மடிப்பில் மட்டும் தடவிப் பார்த்தேன். அரிப்பில்லை. அப்புறம்தான் முகத்துக்கு. எரிச்சல் சுத்தமாக இல்லை. (ராமேஸ்வரம் பக்கம், கடலில் பாசி எடுக்கும் மண்டபம் ஊர்க்காரி நான், பாசிமேல் பழி விழாததில் தனி சந்தோஷம்.)

எதிர்பாராதது ஒன்று: ஹீட்டர் ஓடும் அறையில் ஜெல் காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறது. ஈர முகத்தில் தடவி, மேலே துளி வாசலின் வைத்தால் சரியாகிவிடுகிறது.