4.3 கிலோ ஷிட்சூ: இதயப்புழு, உண்ணி, தெள்ளுக்கு எந்த மருந்து?

செங்காங் தம்பி:
வணக்கம். வெளிநாட்டுக்குக் குடிபோகும் ஒரு குடும்பத்திடமிருந்து மூன்று வயது ஷிட்சூ நாயைத் தத்தெடுத்திருக்கிறோம். தடுப்பூசி அட்டை கொடுத்தார்கள், ஆனால் இதயப்புழு மருந்து பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நேற்றுக் காது மடிப்பைத் தடவும்போது மிளகு மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. விலக்கிப் பார்த்தால் உண்ணி! ஒருவர் பிராவெக்டோ மாத்திரை போதும் என்கிறார், இன்னொருவர் நெக்ஸ்கார்டு ஸ்பெக்ட்ராதான் என்கிறார். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு 12வது மாடியில் இருக்கிறது. அந்த உயரத்தில் இதயப்புழுவைப் பரப்பும் கொசுவுக்குப் பயப்பட வேண்டுமா? சின்ன உடம்புக்கு மருந்து அதிகமாகிவிடுமோ என்றும் கவலையாக இருக்கிறது.

ஈசூன் அக்கா:
தம்பி, மருந்து வாங்கும் முன் வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) இதயப்புழு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதாந்திர மருந்து, கொசு கடித்து உள்ளே வந்த இளம்புழுக்களைத்தான் கொல்லும். இதயத்திலும் நுரையீரல் தமனிகளிலும் வளர்ந்துவிட்ட புழுவை அது உடனே ஒன்றும் செய்யாது. வளர்ந்த புழுக்கள் ஈன்ற குட்டிப்புழுக்கள் ரத்தத்தில் நிறைய இருக்கும்போது மருந்து கொடுத்தால் அவை ஒரே சமயத்தில் செத்து நாய்க்கு ஒவ்வாமை வரலாம். அந்தப் பரிசோதனை வளர்ந்த பெண்புழுவின் புரதத்தைத் தேடுகிறது. உள்ளே வந்த புழு அந்த அளவுக்கு வளர ஆறு மாதம் ஆகும். அதனால் இப்போது நெகட்டிவ் வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

மாடி உயரத்தை நம்பாதீர்கள். மின்தூக்கியிலேயே கொசு ஏறி வரும், நாயும் தினமும் கீழே போகிறது. ஏடிஸ், கியூலெக்ஸ் ஆகிய இரண்டு கொசு வகைகளிலும் இதயப்புழுவைப் பரப்பும் இனங்கள் உண்டு. சிங்கப்பூரில் கொசு இல்லாத மாதம் கிடையாது, ஆகவே வருடம் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

பிராவெக்டோ மாத்திரையில் ஃப்ளூராலனர் மட்டும்தான். உண்ணிக்கும் தெள்ளுக்கும் 12 வாரம் வரை நல்ல மருந்து, ஆனால் இதயப்புழுவுக்கு உதவாது. அதை எடுத்தால் இதயப்புழுவுக்குத் தனியாக மருந்து வேண்டும். நெக்ஸ்கார்டு ஸ்பெக்ட்ராவில் அஃபாக்ஸோலனரோடு மில்பெமைசினும் சேர்ந்திருக்கிறது. மாதம் ஒன்று கொடுத்தால் மூன்றுக்கும் போதும், கொக்கிப்புழுவும் போகும். சிம்பாரிகா டிரையோவும் அதே மாதிரிதான். மறதி அதிகம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை போடும் மாக்ஸிடெக்டின் ஊசி பற்றி வெட்டிடம் கேளுங்கள், உண்ணி மருந்து அப்போதும் தனி.

அளவு அதிகமாகும் என்ற பயம் வேண்டாம். ஸ்பெக்ட்ராவில் 3.5 கிலோவுக்கு மேல் 7.5 கிலோ வரைக்குத் தனிப் பெட்டி உண்டு. காசு மிச்சம் பிடிக்கப் பெரிய நாயின் மாத்திரையை வாங்கி வெட்டிக் கொடுப்பதை மட்டும் செய்யவே கூடாது.

மினி ஷ்னாசர் அப்பா:
அக்கா சொன்னதோடு ஒன்று. பிராவெக்டோ, ஸ்பெக்ட்ரா, சிம்பாரிகா டிரையோ மூன்றிலும் உள்ள உண்ணி மருந்துகள் ஒரே வகை, அந்த வகை எல்லாவற்றுக்கும் வலிப்பு பற்றிய எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2018இல் இதை வெளியிட்டது. பெரும்பாலான நாய்களுக்கு எதுவும் ஆவதில்லை. ஆனாலும் முந்தைய குடும்பத்திடம், நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் வெட்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து.

செங்காங் தம்பி:
அக்கா, அண்ணா, மிக்க நன்றி. பரிசோதனை நெகட்டிவ். வெட் ஸ்பெக்ட்ராதான் கொடுத்தார். ஆனால் இன்று காலை கால்விரல் இடுக்கில் இன்னொரு உண்ணி ஒட்டிக்கொண்டிருக்கிறது! மருந்து வேலை செய்யவில்லையா?

ஈசூன் அக்கா:
வேலை செய்கிறது தம்பி. இந்த மருந்து உண்ணியை விரட்டாது, கடித்து ரத்தம் குடித்தால்தான் சாகும். ஒன்றிரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். நம் ஊர் பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும், அதுவும் சுவர் விரிசலிலும் சோபா அடியிலும் திரை மடிப்பிலும். நாயின் மெத்தையை வெந்நீரில் துவையுங்கள், சுவரோரம் எல்லாம் வாக்கும் போடுங்கள். இப்போது ஒட்டியிருப்பதைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

அடுத்த சில வாரம் ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, சாப்பிடாமல் படுத்தே கிடந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றே வெட்டிடம் போங்கள். எர்லிகியா, பபேசியா இரண்டும் உண்ணியால் வரும் நோய்கள், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

செங்காங் தம்பி:
ஈறு நல்ல இளஞ்சிவப்பாக இருக்கிறது அக்கா. வலிப்பு வந்ததே இல்லையாம், அந்தக் குடும்பம் பதில் அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறு பரிசோதனைக்கும் கிளினிக்கில் சொல்லி வைத்துவிட்டேன்.