தெருவில் தேங்கும் தண்ணீர்: யாரைப் பிடிப்பது?

டல்லாஸ் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். ஒரு உதவி வேண்டும்.

கொஞ்சம் பலமாக மழை பெய்தாலே எங்கள் தெருமுனையில் தண்ணீர் நடைபாதை மேல் ஏறி நிற்கிறது. வடிகால் வாய் மிகவும் சின்னது. எங்கள் கவுன்சிலருக்கு எழுதினேன். "ஊழியர்களுக்கு நான் நேரடியாக உத்தரவு போட முடியாது, சிட்டி மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று பதில் வந்தது.

நம்ம ஊர்க் கண்ணுக்கு இது தட்டிக்கழிப்பதாகத் தெரியும். ஆனால் நகரச் சாசனத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வரி, பட்ஜெட், கொள்கை எல்லாம் கவுன்சில் முடிவு. ஆள் எடுப்பது, வேலை வாங்குவது எல்லாம் கவுன்சில் நியமிக்கும் நிர்வாக அதிகாரியான சிட்டி மேனேஜர் பொறுப்பு. மேனேஜரைப் பிடிக்கவில்லையென்றால் கவுன்சில் அவரையே நீக்கலாம், அவருக்குக் கீழே இருப்பவர்களிடம் மட்டும் கை வைக்கக் கூடாது! டல்லாஸ் நகரமே 1931 முதல் இந்த முறையில்தான் ஓடுகிறது.

சரி, கவுன்சில் கூட்டத்தில் போய்ப் பேசலாமா? நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை அங்கே கவுன்சில் விவாதிக்க டெக்சஸ் சட்டம் இடம் தராது. தகவல் சொல்லலாம், அடுத்த கூட்டத்தில் சேர்க்கலாமா என்று பேசலாம், அவ்வளவுதான்.

இப்படி ஒரு வடிகால் வேலையை முடித்துக் காட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மேனேஜர் அலுவலகத்தில் நேரம் கேட்டீர்களா, விஷயத்தை நிரலில் சேர்க்கும்படி கவுன்சிலரிடம் சொன்னீர்களா? நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குவதால், அதற்கு முன் பட்ஜெட் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்தில் பேசினால் பலன் உண்டா? நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் பெயரை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.