உதவி தேவை: ஃபைபர் மோடம் பொருத்தும் குறிப்பு யாருக்கும் புரியவில்லை

மூன்றாம் மாடி:
அவசரம். எங்கள் அபார்ட்மென்டுக்கு ஃபைபர் நெட் வந்திருக்கிறது. கூடவே கொடுத்த தாளில் "கேபிளை இணைத்து, சாதனத்தை இயக்கி, கன்ஃபிகர் செய்யவும்" என்று மட்டும் இருக்கிறது. பாதி வீடுகளில் நெட் வரவில்லை. எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். நானே புதிதாக ஒரு தாள் எழுதி நாளைக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எப்படி எழுதுவது?

ஒளியிழை:
எந்த மாடல் சார்? மோடமும் வைஃபை ரூட்டரும் ஒரே பெட்டியா, தனித்தனியா? எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை? இது தெரியாமல் எதைச் சொல்வது?

பச்சைமுனை:
கனெக்டர்தான், வேறொன்றும் இருக்காது. ஒயர் முனையில் இரண்டு வகை உண்டு. பச்சை முனை ஏபிசி (APC), அதன் முகம் 8 டிகிரி சாய்வாக இருக்கும். நீலம் யூபிசி (UPC), சாய்வு கிடையாது. பச்சையை நீலத் துளையில் சொருகினாலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், ஆனால் ஒளி ஒழுங்காகப் போகாது. தாளில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்.

நெட்வொர்க் மூத்தவர்:
பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு நெட்டில் நுழையும் முறை), விலேன் (ஒரே ஒயரில் வரும் போக்குவரத்தைப் பிரிக்கும் எண்) என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பெட்டியைத் தொடவே கூடாது. டெக்னீஷியன் எதற்கு இருக்கிறார்? எழுத ஆசைப்படுகிறவர் முதலில் ஃபைபர் நெட்டுக்கான ஜி.984 தரநிலையைப் படித்துவிட்டு வரட்டும்.

கையேடு எழுதுபவள்:
மூத்தவரே, அந்தத் தரநிலை பெட்டி தயாரிப்பவர்களுக்கு எழுதியது. வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது, செய்தது சரியா தப்பா என்பதுதான். மூன்றாம் மாடி சார், ஒவ்வொரு வேலைக்கும் அடுத்த வரியில், இப்போது கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். இப்படி:

"ஒயரின் பச்சை முனையை மோடத்தின் பச்சைத் துளையில் டிக் என்று சத்தம் வரும்வரை தள்ளவும். முனைக்குள் உற்றுப் பார்க்க வேண்டாம், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். ஸ்விட்சைப் போட்டுச் சில நிமிடம் பொறுக்கவும். 'பான்' (PON, ஃபைபர் இணைப்பைக் காட்டுவது) விளக்கு மின்னாமல் நிலையாக எரிய வேண்டும். 'எல்ஓஎஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று பொருள். அத்தோடு நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லவும்."

எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எழுதாமல் விட்டால், ஒளியே வராத பெட்டியில் ஆட்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய ரூட்டர்:
சொந்த ரூட்டர் வைத்திருப்பவர்களை மறந்துவிட்டீர்களே. இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்றே முகவரி இருந்தால் மோதும். மோடத்தை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள், அப்போது அது ரூட்டர் வேலை செய்யாமல் நெட்டை மட்டும் கடத்திவிடும்.

ஒளியிழை:
வேண்டவே வேண்டாம் அண்ணே. பிரிட்ஜில் போட்டால் லாகின் முழுக்க ரூட்டரில் போட வேண்டும், மோடத்தின் வைஃபையும் பெரும்பாலும் போய்விடும். ரூட்டரின் முகவரியை மாற்றினாலே போதும்.

பழைய ரூட்டர்:
அப்படிச் செய்தால் டபுள் நாட், அதாவது இரண்டு பெட்டியும் முகவரியை மாற்றி மாற்றி அனுப்பும். சில கேமராக்களை வெளியிலிருந்து பார்க்க முடியாது தம்பி.

நெட்வொர்க் மூத்தவர்:
இதற்குத்தான் டெக்னீஷியனைக் கூப்பிடச் சொன்னேன்.

கையேடு எழுதுபவள்:
பிரிட்ஜ் சமாசாரத்தைத் தனித் தாளில் போடுங்கள். கேமரா இல்லாத வீட்டுக்கு அது தேவையே இல்லை.

மூன்றாம் மாடி:
இப்போதுதான் பார்த்தேன். ஒரே பெட்டிதான், வைஃபை அதிலேயே வருகிறது. பான் எரிகிறது, இன்டர்நெட் விளக்குதான் எரியவில்லை.

ஒளியிழை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்! பான் நிலையாக எரிந்தால் ஃபைபரில் குறையில்லை. பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண், இந்த மூன்றையும் சரிபாருங்கள். யூசர்நேம் வீட்டுக்கு வீடு மாறும், அதனால் தாளில் கோடு போட்டு இடம் விடுங்கள், அவரவர் எழுதிக்கொள்வார்கள்.

பச்சைமுனை:
பான் எரிந்தாலும் கனெக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள் சார். ஒளி குறைவாக வந்தால் விட்டு விட்டு அறுந்து போகும்.

மூன்றாம் மாடி:
விலேன் எண் அந்தத் தாளில் இல்லவே இல்லை. போன் செய்து வாங்கிப் போட்டதும் நெட் வந்துவிட்டது. அதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன், விளக்குகளின் படமும் சேர்த்தாயிற்று. ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கையேடு எழுதுபவள்:
அடிப்பதற்கு முன் மோடத்தையே தொடாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள் சார். பக்கத்தில் நின்று எதுவும் சொல்லாதீர்கள். எந்த வரியில் நிற்கிறாரோ அதை மட்டும் திருத்தினால் போதும்.

பழைய ரூட்டர்:
தாளை இங்கேயும் போடுங்கள் சார். எங்கள் தெருவிலும் இதே கதைதான்.